காக்கும் கவசமே கூண்டாகும் நேரம்... பீரங்கி அறைக்குள் ஒளிந்திருக்கும் நச்சு வாயு!

போர்க்கப்பல் பீரங்கி என்றதும் நம் கண்முன் வருவது நெருப்பும் பெரும் சத்தமும்தான். ஆனால், அதை இயக்கும் வீரர்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. சத்தம் அடங்கிய பிறகு குழலுக்குள் தங்கியிருக்கும் வாயு!

பீரங்கியைத் தாங்கும் 'டரட்' என்பது, சுற்றிலும் தடித்த இரும்புக் கவசம் போட்ட அறை. எதிரியின் குண்டு உள்ளே வரக் கூடாது என்றுதான் இப்படிக் கட்டுகிறார்கள். அதனாலேயே உள்ளே சேரும் வாயுவும் சுலபத்தில் வெளியேறாது.

வெடிமருந்து எரியும்போது கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் சேர வேண்டிய இடத்தில் இது போய் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, கை கால் தளர்ச்சி. ஆபத்து என்று புரியும்போது எழுந்து நடக்கத் தெம்பு இருக்காது.

இது எரியும் வாயுவும்கூட. 1904 ஏப்ரல் 13 அன்று அமெரிக்காவின் 'மிசௌரி' கப்பலில் பீரங்கிப் பயிற்சி. சுட்டு முடித்து, குழலின் பின்பக்கக் கதவைத் திறந்ததும் நெருப்பு உள்பக்கமாகச் சீறியது. அங்கிருந்த வெடிமருந்தும் பற்றிக்கொண்டது. 36 பேர் இறந்தார்கள்.

இப்படிப்பட்ட விபத்துகளைத் தடுக்க வந்ததுதான் காற்றுப் பீய்ச்சும் முறை. கதவு திறக்கும்போதே அழுத்தப்பட்ட காற்று குழலுக்குள் பாய்ந்து, வாயுவை முன்பக்கமாக வெளியே தள்ளிவிடும். குழல் சுத்தமா என்று பார்த்து, ஒருவர் குரல் கொடுத்த பிறகே அடுத்த குண்டு.

அந்தக் குரலாலும் தடுக்க முடியாத விபத்து ஒன்று உண்டு. 1972 அக்டோபர் 1, வியட்நாம் கடலோரம், நள்ளிரவு தாண்டிய நேரம். 'நியூபோர்ட் நியூஸ்' கப்பலின் இரண்டாவது டரட்டில், ஃபியூஸ் கோளாறால் குண்டு நடுக் குழலுக்குள்ளேயே வெடித்தது. 20 பேர் பலியானார்கள். காயமடைந்த 36 பேரில் நச்சு வாயுவைச் சுவாசித்தவர்களும் உண்டு.

பிறகு அந்தக் குழலைக் கழற்றி, ஓட்டையை இரும்புத் தகட்டால் அடைத்தார்கள். 1975-ல் கப்பல் ஓய்வு பெறும் வரை அந்த டரட்டைச் சரிசெய்யவே இல்லை.

அதே கார்பன் மோனாக்சைடுதான், மூடிய அறைக்குள் ஜெனரேட்டரையோ கரி அடுப்பையோ எரியவிட்டாலும் வருகிறது. அதற்கு இரும்புக் கவசம் தேவையில்லை, சாத்திய ஜன்னலே போதும். ஜாக்கிரதை மக்களே!