டீபக்கர் சொன்னா நிஜமா?

சூலூர் பக்கம் தறிச் சத்தத்துல வளர்ந்த எனக்கு இந்த மேட்டர் சட்டுன்னு புரிஞ்சுது. ஊடை நூல் அறுந்தா தறியை நிறுத்தி, கையால பின்னாடி சுத்தி, கடைசியா ஒழுங்கா விழுந்த இழைக்கு வருவாங்க. அங்கிருந்துதான் மறுபடி ஓட்டம்.

ஐபிஎம்மோட பவர்8 பிராசசர் செஞ்சதும் இதுதாங்க. பேரு டிரான்சாக்‌ஷனல் மெமரி. பல த்ரெட்கள் ஒரே டேட்டாவைத் தொடும்போது பூட்டுப் போடறதுக்குப் பதிலா 'டி-பிகின்'னு ஒரு கட்டளை. அந்த நொடியில ரிஜிஸ்டர்கள்ல இருந்ததை பிராசசர் காப்பி எடுத்து வச்சுக்கும். 'டி-எண்ட்' வரைக்கும் யாரும் குறுக்கே வராட்டி, செஞ்சதெல்லாம் ஒரே அடியா செல்லும். வந்துட்டா எல்லாமே கேன்சல், காப்பி எடுத்த இடத்துக்கே ரிட்டர்ன்!

லினக்ஸ் கெர்னல் 2013-லயே இதுக்குத் தயார். மாட்டிக்கிட்டது டீபக்கர்தான். நீங்க லேப்ல ஜிடிபி (நாட்டு வருமானம் இல்லீங்க!) வச்சு புரோகிராமை நிறுத்தி ரிஜிஸ்டரைப் பார்ப்பீங்கல்ல? அதுவே ஒரு டிரான்சாக்‌ஷன் நடுவுலன்னா, நீங்க நிறுத்தினதாலேயே அது தோத்துப்போகும். திரையில தெரியற மதிப்பு, தூக்கிப் போடப்போற மதிப்பு. புரோகிராம் திரும்பப் போகிற காப்பி கெர்னல்கிட்ட பத்திரமா இருக்கு. ஆனா டீபக்கர் அதைக் கேட்க வழியே இல்லை. பக்கத்துலயே உட்கார்ந்துக்கிட்டு பேசாத மாதிரி!

அந்த வழியைப் போட்ட பேட்ச்களை எழுதினவர், அப்போ ஐபிஎம்ல இருந்த அன்ஷுமன் கண்டுவால். 2014-ல அனுப்ப ஆரம்பிச்சது, திருத்தித் திருத்தி 2016-ல வந்த லினக்ஸ் 4.8-லதான் உள்ளே போச்சு. அதுக்கப்புறம் டீபக்கர் ரெண்டு செட்டையும் கேட்கலாம். டிரான்சாக்‌ஷன் ஏன் தோத்துச்சுன்னு குறிச்சு வைக்கிற 'டெக்ஸாசர்' ரிஜிஸ்டரையும் படிக்கலாம். என்னைக் கேட்டா இதுதான் பெரிய விஷயம். காரணம் தெரியாம என்னத்தை டீபக் பண்றது?

2021-ல வந்த பவர்10-ல இந்த வசதியையே தூக்கிட்டாங்க. அப்போ ரெண்டு வருஷ உழைப்பு வேஸ்ட்டான்னு கேட்காதீங்க. கோடு லினக்ஸ்ல யார் வேணா பார்க்கிற மாதிரி கிடக்கு. பவர்பிசி ஃபோல்டருக்குள்ள பீ-ட்ரேஸ் பகுதியைத் திறங்க. 'ஓடற மதிப்பு', 'காப்பி எடுத்த மதிப்பு'ன்னு ரெண்டையும் பிரிச்சு கமென்ட்லயே விளக்கியிருக்காங்க. செமஸ்டர் லீவுல ஒரு சாயங்காலம் போதும்.