கேட்டுவிட்டுச் செய்

திங்கள்

குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்ணுக்கு இன்றைக்குத்தான் கிளஸ்டர் அனுமதி கிடைத்தது. ‘கியூப்சிடிஎல் கெட் பாட்ஸ்’ என்று அடித்தாள், பட்டியல் வந்தது. “அக்கா, இது என் லேப்டாப்லேர்ந்து நேரா அந்த சர்வருக்குள்ள போய்ப் பாத்துட்டு வருதா?” என்றாள். முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி இது. குபெர்னெட்டிஸில் பல வருடம் வேலை பார்த்தவர்களே கேட்காமல் கடந்துவிடுகிறார்கள்.

அதே கட்டளையின் கடைசியில் ‘-வி=8’ சேர்த்து அடிக்கச் சொன்னேன். திரை நிரம்பி ஓடியது. ஹோம் டைரக்டரியில் இருக்கும் கான்ஃபிக் ஃபைலைக் கருவி படித்தது. அதிலிருந்த முகவரிக்கு ஒரு ‘கெட்’ கோரிக்கை போனது, அதன் வாலில் ‘லிமிட்=500’. பதில் 200. பாட் ஓடுகிற எந்த நோடையும் லேப்டாப் தொடவில்லை, பேசியதெல்லாம் ஏபிஐ சர்வரோடு மட்டும். திரையில் தெரியும் அட்டவணையில் எந்தெந்தப் பத்தி வர வேண்டும் என்பதைக்கூட அந்த சர்வர்தான் முடிவுசெய்து அனுப்புகிறது.

அவள் அந்த வரிகளை வெகுநேரம் மேலும் கீழும் உருட்டிப் படித்தாள். இப்படிப் படிக்கிறவர்கள் சீக்கிரம் தேறிவிடுவார்கள்.

செவ்வாய், இரவு

ரசீது தயாரிக்கும் சர்வீஸ் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தது. நிலை ‘கிராஷ்லூப்பேக்ஆஃப்’. விழுந்த கண்டெய்னரை மறுபடி எழுப்ப முதலில் 10 விநாடி பொறுக்கும், பிறகு 20, 40 என்று இரட்டித்து 5 நிமிடத்தில் நிற்கும். அதனால், பார்க்கிற நேரத்தில் எது ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே பாதிக் குழப்பம்.

‘லாக்ஸ்’ அடித்தால், அப்போதுதான் எழுந்த கண்டெய்னரின் தொடக்க வரிகள் மட்டும் வந்தன. செத்துப்போனதின் கதை வேண்டுமானால் ‘--ப்ரீவியஸ்’ போட்டுக் கேட்க வேண்டும். கேட்டோம். ஒரு ரசீதுக்கு நடுவே லாக் சட்டென்று அறுந்திருந்தது, பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. அந்த மௌனமே தடயம். புரோகிராம் தானாக விழுந்திருந்தால் பெரும்பாலும் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் விழும். ‘டிஸ்க்ரைப்’ பார்த்தோம்: முந்தைய நிலை ‘ஓஓஎம்கில்ட்’, வெளியேறிய எண் 137. 128-உடன் 9. அந்த 9 சிக்னலை எந்தப் புரோகிராமும் தடுக்க முடியாது, கடைசி வார்த்தை சொல்லவும் அவகாசம் கிடைக்காது. ஒதுக்கிய மெமரியை மீறியதால் கெர்னலே நிறுத்தியிருக்கிறது.

‘டிஸ்க்ரைப்’பின் அடியில் வரும் ஈவெண்ட்ஸை உடனே நகலெடுத்து வைக்கச் சொன்னேன். இயல்பான அமைப்பில் அவை ஒரு மணி நேரம்தான் இருக்கும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தால் காலையில் ஒன்றும் இருக்காது.

புதன்

“‘அப்ளை’ பண்ணேன், ‘கான்ஃபிகர்ட்’னு வந்துச்சு, ஆனா பழைய வெர்ஷன்தான் ஓடுது அக்கா.” கியூப்சிடிஎல் என்ற இந்தக் கருவியைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்லித்தரலாம் என்றால், நான் இதைத்தான் சொல்லித்தருவேன்.

‘கான்ஃபிகர்ட்’ என்பது தாலுகா ஆபீஸில் மனு கொடுத்ததும் கையில் தருகிற ரசீது. நமக்கு என்ன வேண்டும் என்பது கிளஸ்டரின் தரவுத்தளமான எட்சிடியில் பதிவாகிவிட்டது, அவ்வளவுதான். டெப்ளாய்மெண்ட் கண்ட்ரோலர் அதைக் கவனித்துப் புது ரெப்ளிகாசெட் உண்டாக்க வேண்டும், ஷெட்யூலர் நோட் தேட வேண்டும், அந்த நோடில் இருக்கும் கியூப்லெட் இமேஜை இறக்கிக் கண்டெய்னரைத் தொடங்க வேண்டும், ரெடினெஸ் சோதனை தேற வேண்டும். இதில் எங்கே நின்றாலும் ‘அப்ளை’க்குத் தெரியாது. அது எப்போதோ முடிந்து டெர்மினலைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. ‘ரோல்அவுட் ஸ்டேட்டஸ்’ என்று தனியாகக் கேட்கத்தான் வேண்டும். கேட்டோம். இமேஜின் டேக்கில் ஓர் எழுத்து பிசகி, ‘இமேஜ்புல்பேக்ஆஃப்’பில் நின்றிருந்தது. பழைய பாட்கள் கலையாமல் ஓடிக்கொண்டிருந்ததால் வாடிக்கையாளர் யாருக்கும் தெரியவில்லை. வேண்டிய நிலையும் இருக்கிற நிலையும் தனித்தனியாக இருப்பதன் பலன் இது.

2014-இல் கூகுள் குபெர்னெட்டிஸை வெளியிட்டபோது இந்தக் கருவியின் பெயர் கியூப்சிஎஃப்ஜி. பிறகு பெயர் மாறியது. 2015 ஜூலையில் 1.0 வந்தது. அதற்கப்புறம் சேர்ந்தவை எத்தனையோ. ஆனாலும் வேண்டியதைச் சொல்லிவிட்டு, நடந்ததா என்று கேட்கும் இந்த அமைப்பு அன்றிலிருந்து அப்படியே இருக்கிறது. எனக்கு இதன்மேல் இருக்கும் மரியாதை அதனால்தான்.

வியாழன்

‘அப்ளை’க்கு முன் ‘டிஃப்’ பார்ப்பதைக் குழுவின் கட்டாய வழக்கமாக்க வேண்டும் என்று பேசினோம். “ஒரு லைன்தானே மாத்தறோம்” என்று ஒருவர் இழுத்தார். அவருடைய மாற்றத்தையே எடுத்து ‘டிஃப்’ அடித்தோம். அவர் மாற்றிய வரியோடு இன்னொரு வரியும் வந்தது: ரெப்ளிகாஸ் 6 இருந்த இடத்தில் 3. பண்டிகை விற்பனை நெரிசலில் யாரோ ‘ஸ்கேல்’ அடித்து ஆறாக்கியிருக்கிறார்கள், ஃபைலில் மூன்றாகவே கிடக்கிறது. ‘அப்ளை’ போயிருந்தால் பாதி பாட்கள் கலைந்திருக்கும். அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை.

கே9எஸ் பற்றியும் பேச்சு வந்தது. நல்ல கருவி, நானும் திறந்து வைத்திருப்பேன். கியூப்சிடிஎக்ஸும் அப்படித்தான், கிளஸ்டர் விட்டுக் கிளஸ்டர் தாவ நொடி போதும். ஆனால் அந்த வேகம் புரொடக்‌ஷனுக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. புரொடக்‌ஷனின் கான்ஃபிக் ஃபைல் தனியாக இருக்கட்டும், அதற்கென்று தனி டெர்மினல் திறக்கட்டும், பிராம்ப்டில் கிளஸ்டர் பெயர் சிவப்பில் தெரியட்டும்.

சனி

நோட்களில் கெர்னல் அப்டேட். ஒவ்வொன்றாக ‘டிரெயின்’ செய்து ரீபூட் செய்வது வேலை. ‘டிரெயின்’ முதலில் நோடைப் புது பாட்களுக்கு மூடிவிட்டு, இருப்பவற்றை வெளியேற்றும். ஒரு நோடில் மட்டும் நின்றுவிட்டது. டிஸ்ரப்ஷன் பட்ஜெட் மீறப்படும், அதனால் முடியாது என்ற அதே வரி ஐந்து விநாடிக்கு ஒருமுறை வந்துகொண்டே இருந்தது. ஒரே ஒரு பாட் ஓடும் சர்வீஸ் அது, அதற்குக் குறைந்தது ஒன்றாவது ஓட வேண்டும் என்று பட்ஜெட்.

“‘--டிசேபிள்-எவிக்‌ஷன்’ போட்டுடலாமே?” என்றார் போனில் இருந்த நண்பர். அதைப் போட்டால் பட்ஜெட்டைப் பார்க்காமல் நேரடியாக அழித்துவிடும். நான் சம்மதிக்கவில்லை. அந்த ‘முடியாது’ பிழை அல்ல, சர்வீஸின் சொந்தக்காரர்கள் யோசித்து எழுதி வைத்த நிபந்தனை. அவர்களை அழைத்துக் கேட்டு, ஃபைலில் ரெப்ளிகாஸை இரண்டாக்கி, ‘டிஃப்’ பார்த்து, ‘அப்ளை’ செய்தோம். இரண்டாவது பாட் வேறொரு நோடில் எழுந்து ‘ரெடி’ ஆனது. பக்கத்து ஜன்னலில் முயன்றுகொண்டே இருந்த ‘டிரெயின்’, நாங்கள் தொடாமலேயே மேலே நகர்ந்து முடிந்தது.

ரீபூட் ஆனதும் ‘அன்கார்டன்’. மீதி நோட்கள் திங்களன்று. அதற்குள் ‘கெட் பிடிபி -ஏ’ அடித்து, ‘அலவுட் டிஸ்ரப்ஷன்ஸ்’ பத்தியில் 0 காட்டும் சர்வீஸ்களைப் பட்டியலிட்டு, அந்தந்தக் குழுவுக்கு நாளையே சொல்லிவிட வேண்டும். பட்டியலைப் புதிதாகச் சேர்ந்தவளே எடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.