மேட் இழுக்கிறவர்

தேங்காய் நார் மேட்டை நாலைந்து பேர் தோளில் சுமந்து வருவதைத் தூரத்திலிருந்து பார்த்தால், திருவிழாப் பந்தலுக்குச் சாமான் வருகிறது என்றுதான் தோன்றும். திண்டிவனத்துக்கு வெளியே உள்ள அந்த மைதானத்தில் கிரிக்கெட் லீக் ஆட்டம் ஒன்பது மணிக்கு. மேட் விரிக்கிறவர் ஆறு மணிக்கே வந்துவிட்டார். முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர் தெளித்து ரோலர் உருட்டியாயிற்று. இப்போது குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"மேட்டுக்கு அடியில சின்னக் கல்லு ஒண்ணு இருந்தா போதும் சார், பந்து எகிறி மூஞ்சியில அடிச்சிடும். பழி நமக்குத்தான்."

ஒரு முனையை ஆணியடித்து நிறுத்தியபின் மறுமுனையை மூன்று பேர் பிடித்து இழுக்கிறார்கள். அவர் மேட்டின் மேல் நடந்து மிதித்துப் பார்க்கிறார். காலுக்கடியில் நகர்ந்தால் இன்னொரு இழுப்பு. பிறகு இரு ஓரத்திலும் சம்மட்டியால் ஆணி இறங்குகிறது. பந்துவீச்சாளர் ஓடிவந்து ஏறும் முனையில் மட்டும் ஆணிகள் நெருக்கமாக, தலை வெளியே தெரியாதபடி. அங்கே மேட் தூக்கிக்கொண்டால் கணுக்கால் போய்விடும். கிரீஸ் பக்கம் நார் தேய்ந்து கிழிந்த இடத்தைச் சணல் கயிற்றால் தைத்திருக்கிறார். தையல் தடித்துவிட்டால் பந்து அதில் பட்டுத் திசை மாறும் என்பதால், தைத்தபின் கட்டையால் தட்டி அமுக்குவாராம்.

இறுக்கி இழுத்தால் பந்து சீராக எழும்பி வேகமாக வரும். கொஞ்சம் தளர விட்டால் சுழல் பந்து பிடித்துத் திரும்பும். "நல்ல ஸ்பின்னர் இருக்கிற டீம் வந்து, அண்ணே கொஞ்சம் லூசா விடுங்கன்னு கேக்கும். முடியாது தம்பின்னுடுவேன்" என்றார். மேட்டில் பழகாதவர்களை அது என்ன பாடு படுத்தும் என்பதற்கு 1956 அக்டோபரில் கராச்சியில் நடந்த டெஸ்ட் சாட்சி. ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் 80 ரன்னில் சுருண்டது. கட்டர் வீசிய பாகிஸ்தானின் ஃபசல் மஹ்மூத் அந்த ஆட்டத்தில் 13 விக்கெட் எடுத்தார்.

நம் மாவட்டப் பையன்களின் கதை இதற்கு நேரெதிர். மேட்டில் பந்து இடுப்பளவு எழும்பும் என்று நம்பி, பின்காலில் நின்று கட் ஷாட்டும் புல் ஷாட்டும் ஆடி வளர்கிறார்கள். சென்னையில் களிமண்ணால் ஆன டர்ஃப் விக்கெட்டில் அதே பந்து தாழ்ந்து வந்து பேடில் அடிக்கிறது. அம்பயர் விரலைத் தூக்கிவிடுகிறார். பந்துவீச்சாளருக்கு இன்னொரு தொல்லை: மேட்டில் ஸ்பைக்ஸ் போட முடியாது, டர்ஃபில் ஸ்பைக்ஸ் இல்லாமல் நிற்க முடியாது. விழுப்புரத்தில் நான் சந்தித்த ஒரு வேகப்பந்து வீச்சாளர், தேர்வுக்குப் போன அன்றைக்குத்தான் முதன்முதலாக ஸ்பைக்ஸை மாட்டியிருக்கிறார். "பந்து எங்க விழுதுன்னு பாக்கறதா, கால் எங்க விழுதுன்னு பாக்கறதா?" என்றார். திறமைக் குறைவு என்று நாம் எழுதிவிடும் பல தோல்விகள் இந்த வகைதான் என்பது என் எண்ணம்.

அப்படியிருந்தும் பையன்கள் ஏன் லீக் ஆட வருகிறார்கள்? ஊருக்கு ஊர் டென்னிஸ் பால் போட்டி நடக்கிறது. ரொக்கப் பரிசு உண்டு, கூட்டம் உண்டு, கைதட்டலும் உண்டு. லீக் ஆட்டத்தைப் பார்க்க அன்று என்னையும் சேர்த்துப் பத்துப் பேர்கூட இல்லை. ஆனால் இங்கே ஸ்கோர் ஷீட் இருக்கிறது. விழுப்புரத்தில் ஒரு ஸ்கோரர், பந்துக்குப் பந்து பதிந்த தாளைக் காட்டினார். ஒவ்வொரு பந்துவீச்சாளருக்கும் ஒவ்வொரு நிற மை. எந்த ரன்னை யார் யாரிடம் எடுத்தார்கள் என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். மட்டையாளர்களின் கூட்டலும் உதிரிகளும் பந்துவீச்சுக் கணக்கோடு ஒத்துப்போகும்வரை எழுந்திருக்கமாட்டார். டென்னிஸ் பாலில் அடித்த நூறு ஊர்ப்பேச்சோடு நின்றுவிடும். இங்கே எடுத்த நாலு விக்கெட் மாவட்ட அணித் தேர்வு மேசைக்குப் போகும்.

அங்கிருந்து மேலே போக வழி உண்டு என்பதற்கு வேகப்பந்து வீச்சாளர் நடராஜனைத்தான் எல்லாரும் காட்டுகிறார்கள். சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பால் வீசியவர், சென்னை லீக்கில் நான்காவது டிவிஷனில் தொடங்கினார். 2015 ஜனவரியில் ரஞ்சி அறிமுகம். உடனே பந்துவீச்சு முறை சந்தேகத்துக்கு உள்ளானது. கையைத் திருத்திக்கொண்டு திரும்பிவர உதவியவர்கள் தமிழ்நாட்டுப் பயிற்சியாளர்கள். 2017இல்தான் பஞ்சாப் அணி அவரை மூன்று கோடிக்கு ஏலம் எடுத்தது. ஐபிஎல் அவரைக் கண்டெடுத்தது என்கிறார்கள். கை பழுதானபோது உட்கார வைத்துச் சரிசெய்த இடம் உள்ளூர் கிரிக்கெட்; அதை யாரும் சொல்வதில்லை.

விழுப்புரம் மாவட்டத்துக்கு ஒரு தனி வேடிக்கை உண்டு. வானூர்ப் பக்கம் தமிழ்நாட்டு ஊரும் புதுச்சேரி ஊரும் பின்னிக் கிடக்கும். 2018-19இல் ரஞ்சிக்குள் வந்த புதுச்சேரி அணியின் துத்திப்பட்டு மைதானம் அங்கிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம். நல்ல டர்ஃப், ரஞ்சி ஆட்டங்கள், எல்லாம் உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற பையனோ, ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற சென்னையைப் பார்த்து, மொத்தத் தமிழ்நாட்டோடும் வரிசையில் நிற்கிறான். 2016இல் தொடங்கிய டிஎன்பிஎல் எனும் தமிழ்நாடு பிரீமியர் லீக்கிலும் விழுப்புரம் பெயரில் அணி இல்லை.

மாவட்டத்திலேயே பையன்களுக்கு டர்ஃப் பயிற்சி கிடைக்க வழியில்லையா என்று மேட்காரரிடம் கேட்டிருந்தேன். களிமண் ஏரியிலேயே கிடைக்கும் என்றார். ஆனால் டர்ஃப் என்றால் தினமும் தண்ணீர், தினமும் ரோலர், மழைக்கு மூடத் தார்ப்பாய், கூடவே ஓர் ஆள். "நான் ஞாயித்துக்கெழமை ஆளு. மத்த நாளு பெயின்ட் வேல."

விழுப்புரத்தில் சந்தித்த அந்த வேகப்பந்து வீச்சாளர் இந்தப் பருவத்தில் சென்னையில் ஒரு கீழ் டிவிஷன் அணியில் இடம் பேசியிருக்கிறார். ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி பஸ், தங்க நண்பரின் அறை. ஸ்பைக்ஸும் நண்பருடையதுதான். ஒரு சைஸ் பெரிது, இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள்வேன் என்றார்.