வில்லங்கச் சான்று

வீடு வாங்குவோர் 30 ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று பெறுகின்றனர்; பிரிபடாத நிலப்பங்கைக் கணக்கிடுகின்றனர். பக்கத்துச் சுவரைப் பற்றி அச்சான்று பேசுவதில்லை. தமிழகத்தின் 2003-ஆம் ஆண்டு மதுச் சில்லறை விற்பனை விதிகள், மாநகராட்சிப் பகுதியில் வழிபாட்டுத் தலத்திற்கும் கல்விக்கூடத்திற்கும் 50 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்கின்றன. வீட்டிற்கு அத்தகைய எல்லை இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கமோ 1964-இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்றழைத்தது! நம் பீடத்திற்குக் கிடைத்த 50 மீட்டர் தொட்டிலுக்குக் கிடைக்கவில்லை.

அண்மையில் நம் பங்கின் இளந்தம்பதியர் சென்னையில் பார்த்த அடுக்குமாடி வீட்டிற்கு நாமும் உடன் சென்றோம். கீழே மளிகைக் கடை, அது வசதியே. பக்கத்தில் மதுக்கடை, பாருடன். விலை மலிவு.

“இரவு பத்து மணிக்கு அடைத்துவிடுவார்கள், சாமி” என்றார் கணவர்.

“பத்து மணிக்குப் பிறகுதான் எங்கள் அப்பா வீட்டுக்கு வருவார்” என்றார் மனைவி.

முன்பணம் கொடுக்காமலே படியிறங்கினோம்.