வாங்கலாமா, வேண்டாமா?

இரண்டாம் பாகம் என்பது நம் வாசகிகளுக்குப் புதிய சமாசாரம் அல்ல. முடிந்துபோன தொடர்கதைக்கு இரண்டாம் பாகம் வருகிறது என்று அறிவிப்பு கண்டால் போதும், ஒரு கண்ணில் ஆவலும் மறு கண்ணில் சந்தேகமுமாகத்தான் பத்திரிகையைப் பிரிப்பீர்கள். பழைய குழம்பையே சுட வைத்திருக்கிறார்களா, புதிதாக ஏதாவது சமைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டாமா? இன்று நான் சொல்லப் போவதும் ஓர் இரண்டாம் பாகத்தைப் பற்றித்தான். ஆனால் அது கதைப் புத்தகம் அல்ல, கம்ப்யூட்டர் விளையாட்டு. முகம் சுளிக்காதீர்கள்! காலேஜில் படிக்கும் பிள்ளையோ பெண்ணோ உள்ள வீடு என்றால், இன்றில்லாவிட்டாலும் நாளை இந்த விஷயம் உங்கள் வீட்டுக் கூடத்துக்கும் வந்தே தீரும்.

எங்கள் அக்கா வீட்டுக் கூடத்துக்கு வந்தது. அக்காவைக் கொடுத்திருப்பது ஐயம்பேட்டையில். காஞ்சிபுரத்துக்கு அருகே, பட்டு நெசவால் பிழைக்கும் ஊர். அக்காவின் பிள்ளைக்கு இருபது வயது. அவன் கேட்ட விளையாட்டின் பெயர் 'டிராகன்ஸ் டாக்மா 2'. 2024 மார்ச் 22-ஆம் தேதி வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 70 டாலர். நெசவுக் கூலியில் அது எத்தனை நாள் உழைப்பு என்று மாமா மனத்துக்குள் கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது.

"நீதான் பத்திரிகைக்காரி ஆயிற்றே, நீயே சொல். கொடுக்கிற பணத்துக்குத் தகுமா?" என்று அக்கா என்னிடம் கேட்டாள்.

சென்னையில் பல மாலை வேளைகளில் அதை ஆடிப் பார்த்தவள் நான். அன்று அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்கிறேன்.

இதைச் செய்தது காப்காம் என்ற ஜப்பானியக் கம்பெனி. முதல் பாகம் வந்தது 2012-இல். இரண்டையும் இயக்கியவர் ஹிதேயாகி இட்சுனோ. கதை இதுதான்: ஒரு டிராகன், அதாவது நெருப்பைக் கக்கும் இறக்கை முளைத்த நாகம், ஒரு மனிதப் பிறவியின் இருதயத்தைப் பறித்துக்கொண்டு போய்விடுகிறது. பறிகொடுத்தவர் சாகவில்லை. இருதயத்தை மீட்க அந்த டிராகனைத் தேடிப் புறப்படுகிறார். ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்த ராட்சசன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை.

அதிசயம் வேறு இடத்தில் இருக்கிறது. இதன் உலகம் திறந்த உலகம். காடு, மலை, ஆறு, பாலை எங்கே வேண்டுமானாலும் நம் இஷ்டப்படி போகலாம். முதல் பாகத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு பரப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். இம்மாதிரி விளையாட்டுகள் பலவற்றில், ஒரு முறை போன ஊருக்கு மறுபடி போக வேண்டுமானால் படத்தைத் தொட்டால் போதும். அடுத்த கணம் அங்கே இருப்போம். இங்கே அப்படியல்ல. நினைத்த இடத்துக்குக் கொண்டுபோய் விடும் மந்திரக் கற்கள் உண்டு. ஆனால் அவை லேசில் அகப்படுவதில்லை. சில ஊர்களுக்கு இடையே மாட்டு வண்டி ஓடுகிறது. அதிலும் ஏறி உட்கார்ந்து கண்ணயர்ந்தால் நடுவழியில் பூதங்கள் வந்து வண்டியையே நொறுக்கிவிடலாம். மற்றபடி நடைதான். பிரயாணம் அலுக்கிறதென்றால் விளையாட்டு அலுக்கிறது என்றே அர்த்தம் என்பது இட்சுனோவின் கட்சி. முதலில் எனக்கு இது வீம்பாகத் தோன்றியது. ஆனால் லாந்தரில் எண்ணெய் குறையக் குறைய, முன்னால் வருவது மரமா பூதமா என்று தெரியாத இருட்டில் நடந்து, விடியற்காலையில் தூரத்தே ஊர்க் கோட்டையைக் கண்டபோது எனக்கு உண்டான ஆறுதல் இருக்கிறதே, அது படத்தைத் தொட்டுப் போயிருந்தால் கிடைத்திருக்காது.

இரண்டாவது சிறப்பு, துணையாட்கள். சதுரங்கச் சிப்பாய்க்கு ஆங்கிலத்தில் உள்ள 'பான்' என்ற பெயரையே அவர்களுக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு துணையாளை நாமே உருவாக்கிக்கொள்கிறோம். இன்னும் இரண்டு பேரை, உலகில் எங்கோ இருந்து ஆடும் மற்றவர்களிடமிருந்து இரவல் வாங்கலாம். நாம் தூங்கும்போது நம்முடைய ஆளும் பிறருக்கு இரவல் போவாள். போன இடத்தில் வழியும் வித்தையும் கற்றுத் திரும்புவாள். சில சமயம் கையில் ஒரு வெகுமதியும் இருக்கும்! இதைக் கேட்டதும் மாமாவின் முகம் மலர்ந்தது. கோர்வைச் சேலை நெய்வது ஒற்றை ஆள் வேலை அல்ல. உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு என்று மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். தறியின் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள ஒரு துணையாள் வேண்டும். "பக்கத்தில் உட்காரும் ஆள் நல்ல ஆளாக அமைந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி" என்றார் மாமா. விளையாட்டிலும் அப்படியேதான்.

சண்டையையும் சொல்ல வேண்டும். ஒற்றைக் கண் பூதத்தின் காலைப் பற்றித் தோள்வரை ஏறலாம். கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட பறவையைப் பிடித்துத் தொங்கினால், அது நம்மையும் தூக்கிக்கொண்டு எங்கோ பறந்துவிடும். நம் விக்கிரமாதித்தனின் வேதாளத்தைப் போல விடுகதை போடும் ஒரு பெண் சிங்கமும் உண்டு. இரவில் கூடாரம் அடித்தால், இறைச்சி வேகும் காட்சியைச் சித்திரமாக அல்ல, நிஜ அடுப்பில் எடுத்த படமாகவே காட்டுகிறார்கள்!

"அப்படியானால் குறையே இல்லையா?" என்றாள் அக்கா. ஏன் இல்லை?

கதை சப்பென்று இருக்கிறது. அரண்மனைச் சூழ்ச்சி என்று ஆர்ப்பாட்டமாக ஆரம்பித்து, பாத்திரங்கள் மனத்தில் பதிவதற்குள் அவசரமாக முடித்துவிடுகிறார்கள். உலகம் பெருத்த அளவுக்கு எதிரிகளின் வகை பெருகவில்லை. அதே குள்ளப் பூதங்கள், அதே ஓநாய்கள், அதே பல்லி மனிதர்கள். வெளிவந்த புதிதில் ஊருக்குள் நுழைந்தால் நல்ல கம்ப்யூட்டர்களே திணறின. ஊர் ஜனங்கள் ஒவ்வொருவரின் நடமாட்டத்தையும் கணக்கிடுவதால் வந்த சுமை அது என்றார்கள். பிறகு வந்த திருத்தங்களால் ஓரளவு சீர்ப்பட்டது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று. ஆட்டத்தைச் சேமித்து வைக்க ஒரே ஓர் இடம்தான். செய்தது செய்ததுதான் என்று உணர்த்துவது அவர்கள் நோக்கம், நல்ல நோக்கமே. ஆனால் துணையாட்களைத் தொற்றும் ஒரு நோயையும் வைத்தார்கள். கவனிக்காமல் சத்திரத்தில் படுத்தால், அந்தத் துணையாள் இரவோடிரவாக ஊர் முழுவதையும் கொன்றுவிடுவாள். சத்திரத்தில் படுத்த கணமே ஆட்டமும் சேமிக்கப்பட்டுவிடும்! நோயின் அறிகுறிகளோ முதலில் கண்ணுக்கு எளிதில் தென்படவில்லை. ஜனங்கள் முறையிட்ட பின்பு நோய் பரவுவதைக் குறைத்து, அறிகுறியைத் தெளிவாக்கினார்கள். இதைக் கேட்ட அக்கா, "ஊடை இழை தப்பினால் பிரித்து மறுபடி நெய்கிறோமே, தறிக்குள்ள இரக்கம்கூட அதற்கு இல்லையா?" என்றாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

கடைசிக் குறைதான் என்னை உறுத்துகிறது. வெளியான அன்றே, தனிக் காசு கொடுத்து வாங்கும் சில்லறைச் சாமான்களையும் கடை பரப்பினார்கள். பிரயாணத்தைச் சுருக்க உதவும் படிகக் கல், மாண்டவரை எழுப்பும் கல், முகத்தை மாற்றிக்கொள்ளும் புத்தகம் என்று! இவை எல்லாம் ஆட்டத்திற்குள்ளேயே உழைத்தால் கிடைப்பவை. காசு கொடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். நடைதான் அழகு என்று ஒரு வாயால் சொல்லிவிட்டு, நடக்கச் சிரமமானால் இதோ கல் என்று இன்னொரு கையை நீட்டலாமா? சமைத்தவரே தம் சமையலை நம்பவில்லை என்ற எண்ணம் ஆடுகிறவர்களுக்கு வராதா? முதல் பதினோரு நாளில் 25 லட்சம் பிரதிகள் விற்ற அதே விளையாட்டைத்தான் முதல் நாளிலேயே ஆயிரக்கணக்கானோர் ஏசவும் செய்தார்கள்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். தூரத்தையும் துணையையும் மதிக்கக் கற்பிக்கும் இடங்களில் இந்த இரண்டாம் பாகம் முதல் தரம். எச்சரிக்கை இல்லாமல் தண்டிக்கும்போதும், தன் கொள்கையையே சில்லறைக்கு விற்கும்போதும் மட்டம். முதல் பாகத்தின் கனவைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். அதன் குறைகளையும் கூடவே பெரிதாக்கிவிட்டார்கள்.

விலை இறங்கும் சமயம் பார்த்து வாங்கிக்கொள்ளலாம், சில்லறைச் சாமானுக்கு ஒரு காசு கிடையாது என்று ஐயம்பேட்டையில் முடிவாயிற்று. பையனும் ஒப்புக்கொண்டான். உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தால் மூன்று விஷயங்களை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முதலாவது வயது: ரத்தமும் சண்டையும் உள்ள இதற்கு அமெரிக்காவில் 17 வயதுக்கு மேல் என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். இரண்டாவது, வீட்டிலுள்ள கம்ப்யூட்டர் இந்தச் சுமையைத் தாங்குமா என்பது. மூன்றாவது, வாங்கிய பிறகும் காசு கேட்குமா என்பது. அப்புறம், ஒரு நாள் மாலை பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் எந்த ஊருக்கு நடந்து போகிறான் என்று நீங்களும்தான் கொஞ்சம் பாருங்களேன்!