நாங்கள் போகாத பந்தி

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்பது பழமொழி. பந்திக்கு முந்துவதை எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மதிய மணி அடித்ததும் எங்கள் வகுப்பில் டிபன் பாக்ஸ்கள் திறக்கும் சத்தத்தைக் கேட்டவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். ஆனால் சென்ற ஆண்டு, ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, ஒரு பந்திக்கு நாங்கள் ஏழு பேர் முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை, போகவே இல்லை.

எங்கள் வகுப்பறைகளைப் பெருக்கித் துடைத்த ஆயாம்மாவை எல்லோருக்கும் தெரியும். மறந்து விட்டுப்போன குடைகளைப் பத்திரமாக எடுத்து வைப்பார். வெயிலில் யாராவது மயங்கி விழுந்தால் முதலில் ஓடி வந்து தண்ணீர் தெளிப்பவரும் அவர்தான். ஒரு நாள் மதிய இடைவேளையில் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"என் பொண்ணுக்கு அடுத்த மாசம் புதுநன்மை. நீங்க எல்லாரும் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரணும் கண்ணுங்களா."

"கண்டிப்பா வர்றோம் ஆயாம்மா!" என்று ஏழு பேரும் ஒரே குரலில் சொன்னோம்.

அந்த ஞாயிறும் வந்தது. திருப்பலி முடிந்து கோவில் வாசலில் பேசிக்கொண்டு நின்றோம். ஆயாம்மாவின் மகன், ஆறு வயதிருக்கும், மூச்சு வாங்க ஓடி வந்தான். "அக்கா, இலை போட்டாச்சு. அம்மா கூப்பிடறாங்க!" என்றான்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒருத்திக்கு டியூஷன். இன்னொருத்தி தையற்கடைக்குப் போய்ப் புது உடுப்பை வாங்க வேண்டும். மற்றொருத்தியின் வீட்டிற்கு மாமா வந்திருக்கிறார். உண்மைக் காரணம் வேறு. ஆயாம்மாவின் வீடு ரயில் பாதைக்கு அப்பால் வாய்க்கால் ஓரத்தில் இருந்தது. அங்கே போய்த் தரையில் உட்கார்ந்து சாப்பிட எங்களுக்குக் கூச்சம். இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. அந்தச் சிறுவன் எங்கள் ஏழு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தான். வரும்போது ஓடி வந்தவன், போகும்போது ஓடவில்லை.

மறுநாள் மன்னிப்புக் கேட்டோம். ஆயாம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "பரவாயில்லம்மா. சோறு வீணாப் போகல. தெருவில இருந்தவங்களை எல்லாம் கூப்பிட்டு உக்கார வெச்சுட்டேன். பாப்பாதான் நீங்க வருவீங்கன்னு ரொம்ப நேரம் வாசல்லயே நின்னுட்டிருந்தா" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

சில வாரங்கள் கழித்து ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தை விளக்கினார். ஒருவர் பெரிய விருந்து ஏற்பாடு செய்கிறார். அந்நாட்டு வழக்கப்படி அழைப்பு இருமுறை வரும். முன்கூட்டியே ஒருமுறை அழைப்பார்கள்; எல்லாம் தயாரானதும் ஆள் அனுப்பி மீண்டும் அழைப்பார்கள். ஆகவே இந்த உவமையில் மறுத்தவர்கள் அழைப்பை அறியாதவர்கள் அல்லர், முன்பே அழைக்கப்பட்டவர்கள். ஒருவர் வயல் வாங்கியிருந்தார். அதைப் பார்க்க வேண்டுமாம். மற்றவர் ஐந்து ஏர் மாடுகள், அதாவது பத்து மாடுகள், வாங்கியிருந்தார். ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். மூன்றாமவருக்குப் புதிதாகத் திருமணம். முதல் இருவராவது மன்னிப்புக் கேட்டார்கள். இவர் அதுவும் கேட்கவில்லை. புதிதாக மணந்தவன் ஓராண்டுக்குப் போருக்குப் போக வேண்டாம் என்று மோசேயின் சட்டம் சலுகை தந்திருந்தது. படைக்குப் பிந்தலாம், சரி. பந்திக்குமா?

"வயலும் மாடும் திருமணமும் பாவமா?" என்று சிஸ்டர் கேட்டார். இல்லை என்றோம். "அதுதான் ஆபத்து. கெட்டவை மட்டுமல்ல, நல்லவையும் நம்மைக் கடவுளிடமிருந்து தடுத்துவிடலாம்" என்றார். டியூஷன், புது உடுப்பு, மாமா! நாங்கள் ஏழு பேரும் தலை நிமிரவில்லை.

அழைப்பை மறுத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது? சிறு வயதில் நரகம் என்றால் கடவுள் நம்மைப் பிடித்துத் தள்ளும் நெருப்புக் குழி என்றே எண்ணியிருந்தோம். ஆனால் லூக்காவின் உவமையில் மறுத்தவர்களை யாரும் அடிக்கவில்லை. அவர்களுடைய வயலும் மாடும் அவர்களிடமே இருந்தன. விருந்தை மட்டும் அவர்கள் சுவைக்கவில்லை. அவர்கள் இடத்தில் ஏழைகளும் ஊனமுற்றோரும் பார்வையற்றோரும் அமர்ந்தார்கள். கடவுளோடுள்ள உறவிலிருந்து மனிதன் தன்னைத்தானே இறுதியாக விலக்கிக்கொள்ளும் நிலையே நரகம் என்றுதான் 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் போதிக்கிறது.

மாற்கு நற்செய்தியில் வரும் செல்வந்தரும் அப்படித்தான். இயேசு அவரை அன்போடு நோக்கி, உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தம்மைப் பின்பற்ற அழைத்தார். அவர் போய்விட்டார். அவரை யாரும் சபிக்கவில்லை, சொத்தும் குறையவில்லை. மகிழ்ச்சிதான் போயிற்று.

மறுக்கப்பட்ட கடவுளோ? எருசலேமை எதிரிலுள்ள மலையிலிருந்து பார்த்து இயேசு அழுதார். கி.பி. 70இல் உரோமைப் படை அந்நகரை அழித்தது. அவர் அழுததன் நினைவாக ஒலிவ மலைச் சரிவில் ஒரு சிறு கோவில் இருக்கிறது. 1955இல் கட்டி முடிக்கப்பட்ட அதன் வடிவமே ஒரு கண்ணீர்த் துளி. சிஸ்டர் இதைச் சொன்னபோது, புதுநன்மை உடுப்போடு வாசலில் நின்ற அந்தச் சிறுமிதான் எங்கள் கண்முன் வந்தாள். நம்மை அழைக்கும் ஆண்டவரும் அப்படித்தான் வழி பார்த்து நிற்கிறார்.

ஒருமுறை மறுத்தால் மறுமுறை மறுப்பது எளிதாகிவிடுகிறது. இதையும் நாங்கள் அனுபவித்தோம். முதியோர் இல்லத்திற்குப் போக அழைத்தபோது, முன்பைவிட வேகமாக எங்கள் வாயில் சாக்குகள் வந்தன. மனம் இறுகுவது சத்தமில்லாமல் நடக்கிறது.

மே மாத விடுமுறையில் ஒரு நாள் துணிந்து, ஏழு பேரும் பணம் சேர்த்து அந்தச் சிறுமிக்கு ஒரு ஜெபமாலை வாங்கிக்கொண்டு வாய்க்கால் ஓரத்து வீட்டிற்குப் போனோம். கதவு பூட்டியிருந்தது. ஆயாம்மாவின் கணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துக் குடும்பமே போய்விட்டது என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. ஜெபமாலை இன்னும் எங்களிடமே இருக்கிறது.

அந்தக் கதவு எங்களுக்குத் திறக்கவில்லை. ஆண்டவரின் வீட்டுக் கதவு இன்னும் திறந்திருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் மணி ஒலிக்கிறது; பீடத்தில் பந்தி தயாராகிறது. வாசலில் நிற்கும் ஏழையின் குரலிலும் அதே அழைப்புத்தான் வருகிறது. ஆனால் அந்த அழைப்பு எத்தனை முறை வரும் என்பது நம் கையில் இல்லை.

அன்புத் தோழியரே, "இலை போட்டாச்சு" என்று யாராவது மூச்சு வாங்க ஓடி வந்து அழைத்தால், உடனே எழுந்து போவோம். திரும்பிப் போகும்போதும் அந்தக் கால்கள் ஓடட்டும்.