வடக்கு நோக்கி ஒரு வண்டி – 7: சோ கார் கரையில் கம்பளிச் சோதனை

டெப்ரிங்கில் லே நெடுஞ்சாலையை விட்டு வலப்பக்கம் திரும்பினால் சோ கார். தண்ணீர் தெரிவதற்கு முன் உப்புதான் தெரிகிறது. கரை முழுக்க வெள்ளையாகப் பொருக்குக் கட்டிக் கிடக்கிறது. தெற்கே ஸ்டார்ட்சபுக் சோ என்னும் நன்னீர் ஏரி. இரண்டும் சேர்ந்த இந்த ஈரநிலம் 2020-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. கருங்கழுத்துக் கொக்குகள் குஞ்சு பொரிக்கும் இடம். செப்டம்பர் கடைசி ஆகிவிட்டது; அவை கிளம்புவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று வழியில் எங்கும் கூடுதல் நாள் தங்காமல் வந்தோம். துக்ஜே கிராமத்தில் ஒரு வீட்டு ஓரமாக வண்டியை நிறுத்திக்கொள்ள அந்த வீட்டு அம்மாள் இடம் கொடுத்தார். ஊரே அவரை ஆமா-லே என்று அழைக்கிறது. நாங்களும் அப்படியே அழைத்தோம்.

வண்டி நின்ற பிறகுதான் மின்சாரத்தில் ஏதோ கோளாறு என்று தெரிந்தது.

எங்கள் டிராவலரின் கூரையில் 200 வாட் பேனல் இரண்டு. இரண்டும் பேரலலாகச் சேர்ந்து ஒரே ஜோடி ஒயராகக் கீழிறங்கி எம்.பி.பி.டி. கன்ட்ரோலருக்குப் போகின்றன. அங்கிருந்து 12 வோல்ட், 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரும் அதே பேட்டரியை நிரப்பும். மணாலியிலிருந்து அன்றாடம் ஓடிக்கொண்டே இருந்தோம். கூரை அரைகுறையாக வேலை செய்வதை இன்ஜின் மறைத்துவிட்டது.

செலவும் இங்கே கூடுதல். 4,500 மீட்டருக்கு மேல் தண்ணீர் 85 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் அரிசி வேகாது. இன்வர்ட்டரில் ஓடும் எலக்ட்ரிக் பிரஷர் குக்கரில்தான் சோறு. இரவு முழுக்க டீசல் ஹீட்டர். எரியத் தொடங்கும்போது அதன் க்ளோ பிளக் பத்து ஆம்பியர் வரை இழுக்கும். பிறகு ஒன்றிரண்டு ஆம்பியரில் அடங்கிவிடும். அந்த முதல் இழுப்புக்குப் பேட்டரி ஈடுகொடுக்காவிட்டால் ஹீட்டர் அணைந்து எர்ரர் காட்டும். வெளியே உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது அது விளையாட்டான விஷயமல்ல.

ஓரிரு நாளில் ஷன்ட் மீட்டர் முப்பது சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. வோல்ட்டேஜோ 13-ஐ ஒட்டியே நின்றது. இந்த வகைப் பேட்டரி முக்கால் பங்கு நிறைந்திருந்தாலும் கால் பங்கு இருந்தாலும் ஏறக்குறைய ஒரே வோல்ட்டைத்தான் காட்டும். உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று கூட்டிக் கழிக்கிற ஷன்ட் இல்லாமல் மலைக்கு வருகிறவர்களை நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

காலையில் உடன் வந்த மச்சினன்தான் முதலில் பார்த்தான். "மாமா, வெயில் கண்ணைக் கூசுது. ஆனா ஒரு ஆம்பியர்கூட ஏறலைங்க."

அது கோளாறு அல்ல. செல்லின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் செய்தால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் புகாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். அந்தச் சேதம் திரும்பாது. அதனால் பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். சார்ஜை மட்டும் தடுத்துவிடுகிறது. எடுத்துக்கொள்ள மட்டும் அனுமதிக்கிறது. பேட்டரிப் பெட்டியின் மூடியைத் திறந்து ஹீட்டர் காற்று அந்தப் பக்கம் போகும்படி குழாயைத் திருப்பி வைத்தோம். நேரம் பிடித்தது. பத்து மணி தாண்டி முள் நகர்ந்தது.

குளிர்தான் காரணம் என்று அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நடுப்பகலிலும் 11 ஆம்பியரைத் தாண்டவில்லை. பேட்டரி பசியோடு இருக்கிறது, வானத்தில் மேகமில்லை, காற்று மெலிந்திருப்பதால் வெயில் சமவெளியைவிடக் கடுமை, குளிரில் பேனல் இன்னும் நன்றாகவே வேலை செய்யும். படுக்கைவசத்தில் இருந்தாலும் 400 வாட்டிலிருந்து இருபதுக்கு மேல் வந்தாக வேண்டும். இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. காலைக் குளிர் மற்றதை மூடியிருந்தது.

கன்ட்ரோலரின் பேனல் முனையில் மீட்டர் வைத்தால் 18 வோல்ட். குறை சொல்ல ஒன்றுமில்லை. இங்கேதான் பலர் கன்ட்ரோலரைச் சந்தேகித்துப் புதிது வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் பேரலலில் ஒரு பேனல் நன்றாக இருந்தாலே அந்த வோல்ட் வந்துவிடும். எந்தப் பேனல் உழைக்கிறது, எது சும்மா இருக்கிறது என்று கண்டுபிடிக்க மீட்டரே வேண்டாம். ஆமா-லேயிடம் கனமான கம்பளி ஒன்று கேட்டோம். மச்சினன் ஏணியில் ஏறி முன் பேனலை மூடினான். நான் கீழே ஷன்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 11 என்பது ஒன்றரைக்கு விழுந்தது. கம்பளியை எடுத்துப் பின் பேனலை மூடச் சொன்னேன். 11-இலிருந்து பத்துக்குக்கூட இறங்கவில்லை. ஆக, பின் பேனல் பேருக்குத்தான் இருக்கிறது.

பேனலே போய்விட்டதா? அதைக் கழற்றித் தனியே அளந்தால் 22 வோல்ட் சொச்சம். இந்த எண்ணை மட்டும் நம்பக்கூடாது. வாய் மூடிய குழாயில் அழுத்தம் இருக்கும். திறந்தால்தான் தண்ணீர் வருகிறதா என்று தெரியும். எனவே கம்பளியைப் போர்த்தி, பேனலின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று செருகி, கம்பளியை விலக்கி, ஒயரைச் சுற்றி கிளாம்ப் மீட்டர் போட்டோம். மீட்டர் டி.சி. அளக்கிற வகையாக இருக்க வேண்டும். வீட்டு வயரிங்காரர்கள் வைத்திருக்கிற சாதாரண கிளாம்ப் ஏ.சி. மட்டும்தான் காட்டும். 12 ஆம்பியர் வந்தது. பேனலுக்கு ஒன்றுமில்லை. பிரிக்கும்போதும் முதலில் கம்பளி, பிறகுதான் கை. ஏ.சி.யில் மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி தானே அணையும். டி.சி.யில் அந்த இடைவெளியே கிடையாது. பொறி நீண்டு எரியும், இணைப்பையும் விரலையும் சுடும்.

மிச்சம் இருந்தது இரண்டு பேனல்களையும் சேர்க்கிற ஒய் இணைப்பு. மீண்டும் மாட்டி, வெயிலில் மின்சாரம் ஓடும்போதே, அந்த இணைப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மீட்டரின் ஊசிகளை வைத்தோம். நல்ல இணைப்பில் மில்லிவோல்ட் கணக்கில்தான் இழப்பு இருக்கும். இங்கே நான்கு வோல்ட். தொட்டால் சுட்டது.

கழற்றிப் பார்த்தேன். கறுப்பு பிளாஸ்டிக் மூக்கு ஒரு பக்கம் உருகி மடங்கியிருந்தது. உள்ளே பின் நீலம் பாரித்துக் கிடந்தது. ஒயரின் செம்புக் கம்பிகளில் பாதிதான் பின்னின் பிடிக்குள் இருந்தன. மீதி வெளியே விரிந்து கறுத்திருந்தன. கிரிம்பிங் கருவியால் அழுத்தாமல் கொறடாவால் நசுக்கிய தடம் பின்னில் அப்படியே பதிந்திருந்தது. ஆண் ஒரு கம்பெனி, பெண் வேறொரு கம்பெனி. செருகினால் பொருந்தும், ஆனால் உள்ளே முழுதாகக் கவ்வாது. ஊரில் இது ஆண்டுக்கணக்கில் தாங்கியிருக்கும். மணாலியிலிருந்து பாங் வரையிலான சாலைக் குலுக்கலில் பிடி தளர்ந்து, தளர்ந்ததால் சூடேறி, சூடேறியதால் மேலும் தளர்ந்திருக்கிறது. வண்டிக் கூரையில் பேனல் மாட்டித் தருகிற பட்டறைகள் இந்த ஒரு வேலையை மட்டுமாவது உரிய கருவியோடு செய்ய வேண்டும். காசு கொடுத்து வாங்குகிறவர்களும் கிரிம்ப் செய்வதை நேரில் நின்று பார்க்க வேண்டும்.

மாற்று ஒய் இணைப்பு எங்களிடம் இல்லை. லே போனால் கிடைக்கலாம். இடையில் டாங்லாங் லா கணவாய். ஆனால் அது தேவையே இல்லை. பேனல்களை சீரீஸாக மாற்றினால் ஒய் இணைப்புக்கு வேலை கிடையாது: ஒன்றின் பிளஸ் மற்றதன் மைனஸில் செருகினால் போதும். எங்கள் கன்ட்ரோலர் 100 வோல்ட் வரை தாங்கும். இரண்டு பேனல் சேர்ந்தால் 45. குளிரில் வோல்ட் ஏறும், டிகிரிக்கு ஏறக்குறைய 0.3 சதவீதம், மைனஸ் 20 வரை போனாலும் 51-ஐ ஒட்டித்தான் நிற்கும். பி.டபிள்யூ.எம். வகை கன்ட்ரோலராக இருந்தால் இதைச் செய்ய முடியாது. மிகையான வோல்ட்டை அது ஆம்பியராக மாற்றித் தராது. இன்னொரு லாபமும் உண்டு. கீழிறங்கும் ஒயரில் மின்னோட்டம் பாதியாகிறது, இழப்பு கால் பங்காகிறது. மாலையில் ஸ்டெப்னியின் நிழல் பின் பேனலில் விழுந்தால் முன்னைவிடக் கொஞ்சம் அதிகம் அடிபடும், அதை ஏற்றுக்கொண்டோம்.

புதுப் பின் கிரிம்ப் செய்து செருகியதும் 23 ஆம்பியர். மச்சினன் கூரையிலிருந்து இறங்காமலேயே, மூச்சு வாங்க, "திரும்பச் சொல்லுங்க மாமா" என்றான்.

கம்பளியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஆமா-லேயின் வீட்டுச் சுவரோரம் சாய்ந்திருந்த சிறு பேனலைப் பார்த்தேன். ஒரு விளக்கு, ஒரு போன், அவ்வளவுதான் அதன் பொறுப்பு. நாங்கள் கடந்துவந்த பாங்கிலோ 13 கிகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்திட்டம் வரவிருக்கிறது. அதற்கான மின்தடத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. ஹரியானாவின் கைத்தல் வரை கம்பி போகும். சாங்பா மேய்ப்பர்களின் மேய்ச்சல் நிலம் அந்தக் கணக்கில் என்னவாகும் என்ற கேள்வியை லடாக்கியர்கள் எழுப்பிவருகிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன பிறகுதான் முதல் கம்பம் நட வேண்டும் என்பது என் கருத்து.

மறுநாள் காலை இன்ஜினைத் தொடாமல் மதியம் வரை காத்திருந்து, பேட்டரி எண்பது சதவீதத்தைத் தாண்டிய பிறகு கிளம்பினோம். அடுத்தது பூகா. பூமிக்கடியிலிருந்து பொங்கும் வெந்நீரிலிருந்து மின்சாரம் எடுக்க ஓ.என்.ஜி.சி. துளையிடும் பள்ளத்தாக்கு.

(பயணம் தொடரும்)